வென்னிப் பாய்லரும் கனடா ஃபர்னஸும்

போன வருஷம் ஆனி கடைசியில், சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஒரு காலையில், கனடாவிலிருந்து பெரியவன் போன் செய்தான். அவனுக்கு அங்கே முந்தின நாள் ராத்திரி. ஏசியைப் பார்க்க வந்த மெக்கானிக், "ஏசி போச்சு, ஃபர்னஸுக்கும் பத்தொன்பது வயசாச்சு, இந்தக் குளிர்காலம் தாங்குமான்னு சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"யப்பா, காஸ் ஃபர்னஸையே புதுசா மாத்தவா, இல்ல ஹீட் பம்ப் போடவா? நீங்க என்ன சொல்லுதிய?"

அஞ்சல் துறையில் 36 வருஷம் கணக்கு எழுதியவன் நான். யாராவது யோசனை கேட்டால் விடுவேனா? ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பேசினேன். அவன் வீட்டில் எத்தனை சதுர அடி, காஸ் பில் எவ்வளவு, கரண்ட் பில் எவ்வளவு, மைனஸ் இருபது எத்தனை நாள் வரும் என்று எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டேன். பேசி முடித்துத் திரும்பினால், புறவாசலில் பாய்லருக்கு முன்னால் என் மனைவி குத்தவைத்து உட்கார்ந்து, ஈரக் கதம்பையை ஊதிக்கொண்டிருக்கிறாள். புகை மேலே போகாமல் சாரல் காற்றில் வீட்டுக்குள்ளேயே திரும்பிக்கொண்டிருந்தது.

"அங்க உள்ள வீட்டுக்கு முக்கா மணி நேரமா யோசன சொல்லுதிய. இங்க உள்ள அடுப்பப் பத்தி யாரு யோசிக்கா?" என்றாள். சொல்லிவிட்டு இருமினாள்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான பதில்தான். கொஞ்சம் தாமதமான பதில்.

வீட்டைச் சூடாக்குவது என்பதே நம் ஊரில் சிரிப்பான பேச்சு. சித்திரையில் சுந்தரபாண்டியபுரத்து மச்சில் படுத்தவர்களிடம் கேட்டால் தெரியும். ஆனால் சாரல் மூன்று மாதமும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் மார்கழிக் குளிரும் சேர்ந்தால், வருஷத்தில் பாதி நாள் வயதானவர்களுக்கு வென்னி இல்லாமல் ஆகாது. (வெந்நீர் என்று எழுத வேண்டும்தான். நம் பக்கத்தில் வென்னி என்றால்தான் சுடுகிறது.) அவர்களுக்கு ஃபர்னஸ் எப்படியோ, நமக்குப் பாய்லர் அப்படி. கனடாவில் போய் அந்த ஃபர்னஸை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குக் கீழே நிலவறை மாதிரி ஓர் அறை. அதில் பீரோ உயரத்துக்கு ஒரு பெட்டி. உள்ளே காஸ் எரிகிறது. ஒரு பெரிய விசிறி சூடான காற்றைத் தகரக் குழாய்கள் வழியாக அறைக்கு அறை தள்ளுகிறது. புகை தனிக் குழாயில் வெளியே போய்விடும். "நம்ம பாய்லரேதான், கொஞ்சம் படிச்ச பாய்லர்" என்று அப்போது சொன்னேன். மருமகள் சிரித்தாள்.

எங்கள் பாய்லர் அப்பா வாங்கியது. செம்பு. நடுவில் குழல், அதைச் சுற்றித் தண்ணீர். குழலுக்குள் சிரட்டையோ விறகோ போட்டுப் பற்றவைத்தால் போதும். மேலே புனலில் ஒரு செம்பு பச்சைத்தண்ணீர் விட்டால் கீழே குழாயில் ஒரு செம்பு வென்னி வரும். இதைப் போல நேர்மையான கருவி வேறு இல்லை என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். கரண்ட் வேண்டாம், மெக்கானிக் வேண்டாம், தோட்டத்தில் விழுகிற மட்டையும் பாளையும் பன்னாடையும் போதும். செலவு சுழி. சமையலுக்குக் காஸ் வந்து முப்பத்தைந்து வருஷம் ஆகியும் வென்னிக்கு மட்டும் விறகு போகாததற்குக் காரணம் இந்தச் சுழிதான். எங்கள் தெருவில் மட்டும் இல்லை, சுற்றுவட்டாரத்தில் காலை ஆறு மணிக்கு நடந்து பாருங்கள். அடுப்படியில் காஸ் இருக்கும், புறவாசலில் புகை வரும்.

2013-இல் ஒரு தடவை மாற்றப் பார்த்தேன். மொட்டை மாடியில் கண்ணாடிக் குழாய் வைத்த சோலார் ஹீட்டர் போட்டேன். நம் ஊருக்கு வெயிலா பஞ்சம்? சூரியகாந்தி பூக்கிற ஊர், 'ரோஜா' படம் எடுத்தார்கள், அந்த ஊரில் சூரியனை நம்பாமல் யாரை நம்புவது என்று பெருமையாகத்தான் போட்டேன். ஒரு சின்ன விஷயத்தை யோசிக்கவில்லை. வெயில் கொளுத்துகிற பங்குனி, சித்திரை, வைகாசியில் தொட்டியில் தண்ணீர் கொதிக்கும். அப்போது யாருக்கு வென்னி வேண்டும்? குழாயைத் திறந்தால் சாதாரணத் தண்ணீரே சுடுகிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் மேகமும் இறங்கி, பத்து நாள் சூரியனே தெரியாமல் போகிற ஆனி, ஆடியில்தான் வென்னி வேண்டும். அப்போது சோலார் பல்லை இளித்தது. மார்கழி, தையில் அருமையாக வேலை செய்தது, அதை மறைக்கக் கூடாது. பிறகு போர் தண்ணீரின் உப்பு படிந்தது. ஒரு நாள் தென்னை மட்டை விழுந்து இரண்டு குழாய் உடைந்தது. மாற்றுக் குழாய்க்குப் போனால் விற்ற கடையே இல்லை. பாய்லர் மறுபடி புறவாசலுக்கு வந்தது. நான் உள்ளூர சந்தோஷப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பெரியவன் போன் செய்ததற்கு இரண்டு வாரம் கழித்து, இருமல் நிற்காததால் அவளைத் திருநெல்வேலிக்கு நெஞ்சு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் அவளைப் பார்த்துத்தான் கேட்டார், "வீட்ல விறகு அடுப்பாம்மா?" நான் முந்திக்கொண்டு, "இல்ல டாக்டர், ரொம்ப வருஷமா காஸ்தான்" என்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. "வென்னி வெறகுலதான் டாக்டர். முப்பத்தெட்டு வருஷமா நான்தான் போடுதேன்" என்றாள்.

நான் பொய் சொல்ல நினைக்கவில்லை. அந்த அடுப்பு என் கணக்கில் அடுப்பாகவே ஏறவில்லை, அவ்வளவுதான். டாக்டர் எழுதிக்கொண்டார். மூச்சுக்குழாய் சுருங்கியிருக்கிறது என்றார். உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார். முதலில் அந்தப் புகையை நிறுத்துங்கள், அதற்கப்புறம்தான் மருந்து வேலை செய்யும் என்றார். திரும்பி வரும்போது பாவூர்சத்திரம் வரைக்கும் இரண்டு பேரும் பேசவில்லை.

அன்று ராத்திரி, மகனுக்காக எழுதிய நோட்டின் அடுத்த பக்கத்தில் என் வீட்டுக் கணக்கை எழுதினேன்.

முதலில் ஹீட் பம்ப் என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். சாரல் காலத்தில் தீப்பெட்டி நமத்துப்போனால் என்ன செய்வீர்கள்? ஃபிரிட்ஜுக்குப் பின்னால் வைப்பீர்கள். அங்கே ஏன் சூடு? உள்ளே வைத்த பாலிலிருந்தும் காய்கறியிலிருந்தும் பிடுங்கிய சூட்டை அந்த இயந்திரம் பின்பக்கம் கொண்டுவந்து கொட்டுகிறது. உள்ளே ஓடுகிற வாயு விரியும்போது குளிரும், அமுக்கும்போது சுடும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடி சுடுகிறதே, அதே விஷயம். ஹீட் பம்ப் என்பது இந்த ஃபிரிட்ஜைத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தது மாதிரி. வெளிக்காற்றில் இருக்கிற சூட்டைப் பிடுங்கி வீட்டுக்குள்ளோ தண்ணீர்த் தொட்டிக்குள்ளோ கொட்டும். புதுச் சங்கதியும் இல்லை, கெல்வின் பிரபு 1852-லேயே இந்த யோசனையைச் சொல்லிவிட்டார். இதில் கரண்ட் சூட்டை உண்டாக்குவதில்லை, சுமந்து வருகிறது. சுமைகூலிதான் கரண்ட் பில். அதனால் ஒரு யூனிட் செலவழித்தால் மூன்று யூனிட் சூடு கிடைக்கும். ஃபர்னஸ் எவ்வளவு நல்லதானாலும் நூறு ரூபாய் காஸுக்கு நூறு ரூபாய்ச் சூட்டுக்கு மேல் தராது.

மைனஸ் இருபதில் காற்றில் சூடு ஏது என்று எனக்கும் சந்தேகம் வந்தது. இருக்கிறது. ஆனால் பிடுங்குவது கஷ்டம், மூன்று மடங்கு என்பது இரண்டாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கிவிடும். அப்படி இருந்தும் நார்வேயில் பத்து வீட்டில் ஆறு வீட்டில் ஹீட் பம்ப்தான். கனடாவில் காஸ், கரண்டைவிட மலிவு, அதனால் மூன்று மடங்கு லாபம் முழுசாகக் கைக்கு வராது. அரசாங்கம் 2021-இல் ஐயாயிரம் டாலர் வரை மானியம் கொடுத்தது, 2024-இல் புது விண்ணப்பம் வாங்குவதை நிறுத்திவிட்டது. என் பிள்ளை வழக்கம்போல நிறுத்தின பிறகு விசாரித்தான். அவனுக்கு நான் சொன்னது இதுதான்: ஏசி எப்படியும் மாற்ற வேண்டும். ஹீட் பம்பே கோடையில் ஏசியாகவும் ஓடும். ஆகவே ஏசிக்குப் பதில் அதைப் போடு. ஃபர்னஸைத் தூக்கி எறியாதே, கடுங்குளிர் நாட்களுக்கு அது இருக்கட்டும், சாகும்போது சாகட்டும். அங்கே அப்படி இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

நம் ஊருக்கு வருவோம். சாரலிலும் நம் காற்று 24, 25 டிகிரிக்குக் கீழே அவ்வளவாக இறங்காது. ஹீட் பம்புக்கு இது கல்யாணச் சாப்பாடு. வெயில் வேண்டாம், மேகம் மூடினாலும் ராத்திரியானாலும் ஓடும். கனடாவைவிட, ஏன், சோலாரைவிடவும் நம் மண்ணுக்குப் பொருந்துகிற இயந்திரம் அது. அப்படியென்றால் வாங்க வேண்டியதுதானே?

இங்கேதான் நோட்டுப் புத்தகம் வேண்டும். ஒரு யூனிட் கரண்ட் என்பது 860 கிலோகலோரி. அதாவது 86 லிட்டர் தண்ணீரைப் பத்து டிகிரி ஏற்றும். நாங்கள் இரண்டு பேர். ஆளுக்கு 25 லிட்டர் இளஞ்சூட்டுத் தண்ணீர். தொட்டித் தண்ணீர் 25 டிகிரி, குளிக்க 40 வேண்டும். 50 லிட்டரைப் பதினைந்து டிகிரி ஏற்ற 750 கிலோகலோரி. ஒரு யூனிட்டுக்கும் குறைவு. வீணாவதையெல்லாம் சேர்த்தாலும் தினம் ஒன்றேகால் யூனிட். இரண்டு மாதத்துக்கு 75. ஹீட் பம்பில் இதுவே 25 யூனிட். மிச்சம் 50 யூனிட், எங்கள் வீட்டுக் கட்டண அளவில் 250 ரூபாய்க்கு உள்ளேதான். வருஷம் முழுதும் குளித்தாலும் 1500. தென்காசியில் விசாரித்தபோது வீட்டுக்கான ஹீட் பம்ப் 200 லிட்டர்த் தொட்டியோடு ஒரு லட்சத்துக்கு மேல். சாதாரண 15 லிட்டர் கீசர் பத்தாயிரத்துக்குள். வித்தியாசப் பணம் திரும்பி வர அறுபது வருஷமாவது ஆகும். எனக்கு இப்போது 71. நூற்று முப்பத்தொன்றாவது வயதில் லாபம் பார்க்க ஆரம்பிப்பேன்.

ஆகவே ஒண்டியாக இருக்கிற கிழவன் கிழவிகளே, எவ்வளவு நல்ல இயந்திரமானாலும் இரண்டு வாளித் தண்ணீருக்கு ஹீட் பம்ப் வேண்டாம். நல்ல நட்சத்திரக் குறியுள்ள சின்ன கீசர் போதும். குளிக்கப் போகும் கால் மணி முன்பு போட்டு, சூடானதும் அணைத்துவிட்டால் நான் சொன்ன கணக்கு சரியாக வரும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கிற பெரிய வீட்டுக்காரர்கள் மட்டும் கவனிக்க வேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுக்கும் விலை மாறிவிடும்.

குற்றாலத்து விடுதிக்காரர்கள் கணக்கு வேறு. இருபது அறை, சீசனில் அறைக்கு ஐந்து பேர் (ஐந்து என்பது ரிஜிஸ்டரில் எழுதுவது), ஆளுக்கு 25 லிட்டர். 2500 லிட்டர் ஆகிவிட்டது. நேரடிக் கரண்டில் தினம் 44 யூனிட், ஹீட் பம்பில் 15. வணிக இணைப்பின் கட்டணத்தில் தினம் 29 யூனிட் மிச்சம் என்றால் போட்ட பணம் சில வருஷத்தில் வந்துவிடும். அவர்கள்தான் இதை வாங்க வேண்டும், இன்னமும் விறகு பாய்லரை எரித்துக்கொண்டிருக்கிறவர்கள் உண்டு. ஐந்தருவியில் ஒரு மணி நேரம் தலையைக் காட்டிவிட்டு வந்தவர், ரூமுக்கு வந்ததும் "சுடுதண்ணி வரலையே" என்று சண்டை போடுவது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. கூட்டுக்குடும்பமாக எட்டுப் பேர் இருக்கிற வீடுகளும் இதைக் கணக்குப் பார்க்கலாம். ஆனால் ரிப்பேருக்கு ஆள் தென்காசியிலேயே இருக்கிறாரா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். என் சோலார் கதை நினைவிருக்கட்டும்.

விறகு சும்மா கிடைக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நானும் அந்தக் கட்சிதான். மட்டை சும்மா கிடைக்கிறது, சரி. அதை இழுத்து வருவது யார், வெட்டிக் காயவைப்பது யார், சாரலில் நனையாமல் தார்பாய் போடுவது யார், ஐந்தரை மணிக்கு எழுந்து ஊதுவது யார்? என் நோட்டில் இதற்கெல்லாம் பத்தியே இல்லை. 38 வருஷத்தில் நான் பாய்லர் பற்றவைத்த நாட்களை இரண்டு கை விரலில் எண்ணிவிடலாம். அதில் பாதி அவள் பிரசவத்துக்குப் போன நாட்கள். "விறகு வென்னியில் குளித்தால் உடம்பு வலி போகும்" என்று சொல்கிற நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு. அவர்களில் ஒருவர்கூட ஊதினவர் இல்லை. சுடச்சுட வாளியைப் புறவாசலிலிருந்து குளியலறைக்குத் தூக்கி வருவது அறுபது வயதுக்கு மேல் எவ்வளவு ஆபத்து என்பதும் எங்களுக்குத் தெரியும். அவள் வலது பாதத்தில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

இரண்டு எச்சரிக்கை. ஒன்று, வாளிக்குள் போடுகிற ஹீட்டர் கம்பி. விலை குறைவுதான், ஆனால் ஸ்விட்சை அணைக்காமல் தண்ணீரில் விரலை விட்டுப் பார்க்கிற பழக்கம் நம் வயதுக்காரர்களுக்கு உண்டு. வேண்டவே வேண்டாம். இரண்டு, காஸில் ஓடுகிற கீசர். அதைக் கதவடைத்த குளியலறைக்குள் வைப்பது எமனை வாடகைக்கு வைப்பது மாதிரி. காற்று போதாமல் காஸ் எரிந்தால் வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, மயங்கி விழுந்த பிறகுதான் தெரியும். ஃபர்னஸிலும் அதே பயம் உண்டு, அதனால் மகன் வீட்டில் படுக்கையறைக்கு வெளியே அதற்கென்றே ஒரு அலாரம் மாட்டியிருக்கிறது. நாம் ஒரு ஜன்னல்கூட வைப்பதில்லை. கரண்ட் கீசர் என்றாலும், மாட்டுகிறவரிடம் எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், கசிவு வந்தால் தானே விழுகிற பிரேக்கர் ஒன்றையும் போடச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் எர்த் கம்பி மண்ணுக்குள் துருப்பிடித்து அறுந்தே போயிருந்தது. எத்தனை வருஷமாகவோ தெரியாது.

ஆடிப் பதினெட்டுக்கு முன்னால் கீசர் மாட்டியாயிற்று. முதல் நாள் அவள் குழாயைத் திறந்து கையை நீட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். "கொதி பத்தாது" என்றாள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அடுத்த வாரம் அதே அவள் பக்கத்து வீட்டு அக்காவிடம், "ஆறு மணி வரைக்கும் தூங்குதேன்க்கா" என்று சொல்வது காதில் விழுந்தது. இருமல் முழுதாகப் போகவில்லை. மருந்து தொடர்கிறது. ராத்திரி இருமி எழுவது குறைந்திருக்கிறது.

பெரியவன் இரண்டையும் வைத்துக்கொண்டான். தை மாதம் ஒரு நாள், மைனஸ் பதினாலில் ஹீட் பம்ப் ஓடுகிற சத்தத்தை போனில் கேட்க வைத்தான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் விசேஷம் என்றான்.

பாய்லரை எடைக்குப் போட அவள் சம்மதிக்கவில்லை. மாமனார் வாங்கியது, தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்தால் அதில்தான் வென்னி என்றாள். ஒரு நிபந்தனையோடு. போன ஐப்பசியில் தீபாவளி அன்று விடிய நாலு மணிக்கு என்னை எழுப்பி, கையில் ஊதுகுழலைக் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். கதம்பை பற்ற அரை மணி நேரம் ஆயிற்று.